லேஸ் குழுவில் புதிதாகச் சேர்வது எப்படி? இங்கிலாந்தில் திண்டு லேஸ் கற்க விரும்புபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் பாபின் லேஸ், அதாவது திண்டின் மேல் வைத்துப் பின்னும் திண்டு லேஸ், கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு வகுப்பை. கட்டணம் கட்டி, தேதி குறித்து, ஆசிரியர் ஒருவர் முன்னால் நின்று சொல்லித்தரும் வகுப்பு. அப்படிப்பட்டவை இப்போது குறைவு. 1970களில் இந்தக் கைவேலைக்கு மறுபடி உயிர் வந்தது மாலை நேர வகுப்புகளால்தான். பிறகு மானியம் சுருங்கியது, பல வகுப்புகளை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே கற்றவர்கள் கலைந்துபோகவில்லை. ஊர்ப் பொது ஹாலையோ தேவாலய ஹாலையோ வாடகைக்கு எடுத்து, வாரம் ஒரு முறையோ மாதம் ஒரு முறையோ கூடி, அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள். புதியவர் ஒருவர் போய் உட்காரக்கூடிய இடம் பெரும்பாலும் இதுதான்.

இது வகுப்பு இல்லை என்பதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. அங்கே யாரும் உங்களுக்குப் பாடம் நடத்தச் சம்பளம் வாங்கவில்லை. வீட்டு வேலை, பேரப்பிள்ளை, மருத்துவமனை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இரண்டு மணி நேரம் தங்கள் திண்டின் முன்னால் உட்கார வந்திருக்கிறார்கள். அதில் பத்து நிமிடத்தை உங்களுக்குத் தருவார்கள், மனசாரத் தருவார்கள். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிக் கேட்பது, வாங்கியதை எப்படி வீணாக்காமல் இருப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில், உங்கள் ஊரில் எந்த லேஸ்?

லேஸ் என்பது ஒரே வேலை இல்லை. திண்டின் மேல் குண்டூசி குத்தி, மரக்குச்சி போன்ற பாபின்களில் சுற்றிய நூலைப் பின்னுவது பாபின் லேஸ். ஊசியால் தைத்தே உருவாக்குவது இன்னொரு வகை. டாட்டிங், குரோஷா எல்லாம் வேறு. பல குழுக்களில் இவை எல்லாமே ஒரே மேஜையில் நடக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

பாபின் லேஸுக்குள்ளும் ஊருக்கு ஊர் மரபு உண்டு. நான் இருக்கும் மில்டன் கீன்ஸ் பக்கம், அதாவது பக்கிங்ஹாம்ஷர், பெட்ஃபோர்ட்ஷர், நார்த்தாம்ப்டன்ஷர் வட்டாரம், பழைய லேஸ் பூமி. இங்கே பிறந்தது பக்ஸ் பாயிண்ட்: மெல்லிய நூல், வலை போன்ற தரை (பூக்களுக்கு இடையே வரும் பின்னணிப் பின்னல்), பூக்களைச் சுற்றி ஒரு தடித்த நூல், கணக்கற்ற ஜோடி பாபின்கள். 1808-09இல் ஜான் ஹீத்கோட் என்பவர் அந்த வலைத் தரையை இயந்திரத்தில் நெய்யக் காப்புரிமை வாங்கினார். கைவேலைக்காரர்களுக்கு அதிலிருந்தே இறங்குமுகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வேகமாகச் செய்யக்கூடிய பெட்ஃபோர்ட்ஷர் லேஸ் பரவியதற்கு இயந்திரப் போட்டியும் ஒரு காரணம். அதில் வலை கிடையாது. நான்கு நூல் பின்னல்களும் குட்டி இலைகளும்தான் பூவையும் விளிம்பையும் இணைக்கும். தெற்கே டெவன் போனால் ஹானிட்டன். அங்கே பூ, இலை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் சேர்ப்பார்கள். 1840இல் விக்டோரியா ராணியின் கல்யாண லேஸ் அந்தப் பக்கத்தில் செய்ததுதான்.

இதையெல்லாம் பார்த்து மயங்கிப்போய் 'எனக்கு பக்ஸ் பாயிண்ட்தான் வேண்டும்' என்று ஆரம்பிக்க நினைப்பவர்கள் உண்டு. என் யோசனை, முதலில் டார்ஷன் என்ற வகை. தடித்த நூல், எளிய கணக்கு, தப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான குழுக்களிலும் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். டார்ஷனின் மாதிரி அட்டையைப் பார்த்தால் இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் மாதிரியே இருக்கும். அந்தப் புள்ளிகளில்தான் ஊசி நிற்கும், நூல் அவற்றைச் சுற்றிப் போகும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

குழுவைக் கண்டுபிடிப்பது

பல குழுக்களுக்கு விளம்பரமே இருக்காது. நூலகத்து அறிவிப்புப் பலகை, ஊர் ஹாலின் வாசலில் ஒட்டிய வார அட்டவணை, தேவாலயப் பத்திரிகை, கைவேலைக் கண்காட்சி: இவற்றில் கண்ணை வையுங்கள். 1976இல் தொடங்கிய லேஸ் கில்ட் என்ற அமைப்பிடம் கேட்டால் உங்கள் பக்கத்துக் குழுவைப் பற்றித் தகவல் கிடைக்க வாய்ப்புண்டு. பணி ஓய்வு பெற்றவர் என்றால் யூ3ஏ (ஓய்வு பெற்றவர்கள் கூடிக் கற்கும் அமைப்பு) கிளைகளிலும் விசாரியுங்கள்.

அருங்காட்சியகங்கள் இன்னொரு நல்ல வழி. ஓல்னி ஊரில் கவிஞர் கௌப்பர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், அங்கே லேஸ் சேகரிப்பு உண்டு. பெட்ஃபோர்டின் ஹிக்கின்ஸில் தாமஸ் லெஸ்டர் என்ற 19ஆம் நூற்றாண்டு லேஸ் வியாபாரியின் அற்புதமான துண்டுகள் இருக்கின்றன. ஹானிட்டனில் ஆல்ஹாலோஸ் அருங்காட்சியகம். இப்படிப்பட்ட இடங்களில் சில நாட்கள் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பின்னிக் காட்டுவார்கள். பொதுமக்கள் வந்து கேள்வி கேட்கட்டும் என்றே அமர்ந்திருப்பவர்கள் அவர்கள். 'நீங்கள் எங்கே கூடுகிறீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள். பத்து மின்னஞ்சலால் ஆகாதது அந்த ஒரு கேள்வியால் ஆகும்.

முதல் கடிதம்

குழுவின் செயலாளர் என்று ஒருவர் இருப்பார். தன்னார்வலர்தான், பெரும்பாலும் வயதானவர், மின்னஞ்சலை தினமும் பார்ப்பவராக இருக்க வேண்டியதில்லை. தொலைபேசி எண் கொடுத்திருந்தால் மாலை ஆறு, ஏழு மணிக்குள் கூப்பிடுவதே நல்லது. எழுதுவதானால் சுருக்கமாக, இந்தச் செய்திகள் இருந்தால் போதும்:

'வணக்கம். நான் இன்ன ஊரில் இருக்கிறேன். பாபின் லேஸ் கற்றுக்கொள்ள ஆசை. இதுவரை தொட்டதே இல்லை, கருவிகளும் இல்லை. உங்கள் கூட்டம் ஒன்றுக்கு வந்து சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? எந்த நாள் வந்தால் உங்களுக்கு வசதி? வருகைக்கு ஏதாவது கட்டணம் உண்டா?'

இதில் மிக முக்கியமான சொற்கள் 'சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா' என்பவைதான். 'எனக்குச் சொல்லித்தருவீர்களா?' என்று முதல் வரியிலேயே கேட்டால், படிப்பவருக்கு உடனே கவலை வரும்: யார் சொல்லித்தருவது, யாருக்கு நேரம் இருக்கிறது, திண்டுக்கு எங்கே போவது? பார்க்க வருகிறேன் என்றால் மறுக்கக் காரணமே இல்லை. நீங்கள் போய்ச் சேரும் முன்பே ஒரு பழைய திண்டை யாராவது பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஏற்கெனவே தெரிந்தவராகக் காட்டிக்கொள்ள வேண்டாம். வீடியோ பார்த்து ஒன்றிரண்டு பின்னல் போட்டிருந்தால் அதையும் அப்படியே சொல்லுங்கள். இரண்டு வாரம் ஆகியும் பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் வராவிட்டால் கூட்டம் நடக்கும் நாளில் நேரே போய்க் கதவைத் தட்டுங்கள். ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் பல குழுக்கள் கூடுவதில்லை, அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தையை அழைத்துப்போக நினைத்தால் முன்கூட்டியே கேட்க வேண்டும். பெற்றோர் கூடவே இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். ஆண்கள் தயங்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான்.

முதல் நாள்

உள்ளே நுழைந்ததும் காலியாகத் தெரிகிற நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஜன்னல் பக்கத்து இடம் யாரோ ஒருவருடையது, பல வருடமாக. கண் சரியாகத் தெரியாதவர், விளக்குக்கு மின்சாரப் பிளக் தேவைப்படுபவர், காது கேட்கும் பக்கம் பார்த்து உட்காருபவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். 'நான் எங்கே உட்காரட்டும்?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே உங்களை அவர்களுக்குப் பிடித்துப்போகும்.

நம் ஊர்க்காரர்களுக்கு உடனே வரும் ஒரு சங்கடம்: எழுபது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. 'ஆன்ட்டி' என்று ஆரம்பித்தால் அவர்கள் விழிப்பார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இரண்டு வாரத்தில் பழகிவிடும். மரியாதையைக் காட்ட வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

அதில் முதலாவது, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. மற்றவர் திண்டைத் தூக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். பாபினைத் தொடாதீர்கள். அது கிடக்கும் வரிசைதான் வேலையே. ஒரே ஒரு ஜோடி இடம் மாறினாலும் எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகலாம். துணி போட்டு மூடியிருக்கும் திண்டைத் திறந்து பார்ப்பது பெரிய தப்பு. டீக் கோப்பையை லேஸ் மேஜை மேல் வைக்கவே கூடாது. பெரும்பாலான ஹால்களில் டீக்கென்றே தனி மேஜை இருக்கும்.

பேச்சுக் கொடுக்கவும் நேரம் பார்க்க வேண்டும். ஒருவருடைய கைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, உதடு அசைகிறது என்றால் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அவர் ஊசியைக் குத்தி, நூலை மெல்ல இழுத்துவிட்டு நிமிர்வார். அப்போது கேளுங்கள்.

எதைக் கேட்பது என்று தெரியாவிட்டால் பாபின்களைப் பற்றிக் கேளுங்கள். இந்த வட்டாரத்துப் பாபின்களின் அடியில் கம்பியில் கோத்த கண்ணாடி மணி வளையம் ஒன்று தொங்கும், அதன் பெயர் ஸ்பாங்கிள். அந்த எடைதான் நூலை இறுக்கமாகப் பிடித்து வைக்கிறது, பாபின் உருளாமலும் தடுக்கிறது. மணிகளுக்குப் பின்னால் கதை இருக்கும்: அம்மாவின் அறுந்த மாலையிலிருந்து எடுத்தது, இந்தியாவுக்குப் போன மகள் வாங்கி வந்தது. தண்டில் பெயர், கல்யாண நாள், பேரன் பிறந்த ஆண்டு செதுக்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பெட்ஃபோர்டில் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரையும் ஆண்டையும்கூடப் பாபினில் பொறித்து விற்றிருக்கிறார்கள். அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் அன்றைய மதியம் அதிலேயே போய்விடும். டெவன் பக்கத்துப் பாபின்களுக்கு ஸ்பாங்கிள் கிடையாது. துண்டுகளை இணைக்கும்போது பாபினையே வளையத்துக்குள் நுழைக்க வேண்டியிருப்பதால் அவை வழவழப்பாக, முனை கூராக இருக்கும்.

பையை மூடுமுன் வாடகைப் பங்கு எவ்வளவு என்று கேட்டு, வாசல் பக்கம் வைத்திருக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள். பார்க்க மட்டும் வந்தவரிடம் வேண்டாம் என்பார்கள். கேட்டது நினைவில் இருக்கும்.

கருவி வாங்க அவசரம் வேண்டாம்

ஆரம்பிக்கத் தேவையானவை: ஒரு திண்டு, பத்துப் பன்னிரண்டு ஜோடி பாபின், மெல்லிய பித்தளைக் குண்டூசி, துளை போட்ட மாதிரி அட்டை, நூல், இரண்டு கரும்பச்சை அல்லது கருநீலத் துணி, சின்னக் கத்தரிக்கோல். அந்தக் காலத்தில் திண்டில் வைக்கோலை அடித்து அடைப்பார்கள். இப்போது பலரிடம் இருப்பது நுரைப்பலகையில் வெட்டிய வட்டத் திண்டு, கனமே இருக்காது, பேருந்தில் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஆனால் எதையும் வாங்காமல் போங்கள். குழுவில் கடன் திண்டு அனேகமாக இருக்கும். உறுப்பினர் ஒருவர் வயதாகி விட்டுவிட்டாலோ இறந்துபோனாலோ அவருடைய கருவிகள் குழுவுக்கே வருவது வழக்கம், அவை குறைந்த விலைக்குப் புதியவர்களுக்குப் போகும். அதைவிட முக்கியக் காரணம், எந்தத் திண்டு, எந்த பாபின் என்பது நீங்கள் எந்த லேஸில் நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் பாபின் செட்டுகளில் மரம் சொரசொரப்பாக இருந்தால் நூல் சிக்கிச் சிக்கி அறும். பழம்பொருள் கடையில் கிடைக்கும் எலும்புப் பாபின்கள் அழகுதான், விலையும் அதற்கேற்ப இருக்கும், அவை பிறகு.

ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நோட்டும் பென்சிலும்.

குறுக்கும் முறுக்கும்

பாபின் லேஸ் முழுவதும் இரண்டே அசைவுகள். இதை வீட்டிலேயே நான்கு கயிற்றை வைத்துப் பழகிவிட்டுப் போனால் சொல்லித்தருபவருக்கு நேரம் மிச்சம்.

நான்கு பாபின்கள் உங்கள் முன் தொங்குகின்றன. இடமிருந்து வலமாக 1, 2, 3, 4. எண் பாபினுக்கு இல்லை, அது கிடக்கும் இடத்துக்கு. நடுவிலுள்ள இரண்டில், 2ஐ 3இன் மேலாக வலப்பக்கம் கொண்டுபோனால் அது குறுக்கு. இரு ஓரத்திலும் வலதை இடதின் மேல் போட்டால், அதாவது 2ஐ 1இன் மேலும் 4ஐ 3இன் மேலும் போட்டால், அது முறுக்கு. குறுக்கு-முறுக்கு சேர்ந்தால் அரைப் பின்னல். குறுக்கு-முறுக்கு-குறுக்கு என்றால் துணிப் பின்னல், நெய்த துணி மாதிரியே அடர்த்தியாக வரும். அதில் ஒரு ஜோடி ஊடாக இப்படியும் அப்படியும் ஓட, மற்ற ஜோடிகள் பாவாகத் தொங்கும். டார்ஷன் தரைக்கு அரைப் பின்னல், ஊசி, மறுபடி அரைப் பின்னல். ஊசியை ஓரங்களில் சற்றே வெளிப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும். இரண்டு கையும் சமமாக வேலை செய்வதால் இடதுகைக்காரர்களுக்கு இதில் ஒரு இடைஞ்சலும் இல்லை.

இவ்வளவும் எழுத்தில் வரும். எழுத்தில் வராதது இழுவை: ஊசி குத்தியபின் நூலை எவ்வளவு இழுப்பது என்பது. வீடியோவில் பார்த்தாலும் அது பிடிபடாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, 'இப்போது இழு, போதும்' என்று சொல்லும்போதுதான் கைக்கு வரும். குழுவுக்குப் போவதே இதற்காகத்தான் என்று நான் சொல்வேன்.

உதவி கேட்கும் விதம்

வேலையில் ஏதோ தப்பாகிவிட்டது என்று வையுங்கள். எட்டு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் வந்து சேருகிறது. உடனே கை பரபரக்கும், பிரித்துவிடத் தோன்றும். கூடாது. பிரித்துவிட்டால் தடயம் போய்விடும். கையை எடுத்துவிட்டு, கடைசியாகக் குத்திய ஊசி எது என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வண்ணத் தலை ஊசி ஒன்றை, எல்லாம் சரியாக இருந்ததாக உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் இடத்தில் குத்தி வையுங்கள்.

பிறகு சொல்லித்தருபவர் நிமிரும்வரை காத்திருந்து கேளுங்கள். 'எனக்கு ஒன்றுமே புரியவில்லை' என்றால் அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 'இந்தச் சிவப்பு ஊசிவரை சரியாக இருந்தது, இங்கே வரும்போது ஒரு ஜோடி குறைகிறது' என்றால் வேலை சுலபம். அவர் என்ன செய்கிறார் என்று உன்னிப்பாகப் பாருங்கள். ஒரு பாபினை எடுத்து, மிக மெதுவாக, அரை மில்லிமீட்டர் இழுப்பார். பின்னலுக்குள் எந்த நூல் அசைகிறது என்று பார்ப்பார். அடுத்தது. அதற்கடுத்தது. ஏதோ ஒன்றை இழுக்கும்போது அசையக்கூடாத இடம் அசையும். அங்கே ஒரு முறுக்கு விட்டுப்போயிருக்கும், அல்லது ஒரு ஜோடி இரண்டு ஊசிக்கு முன்பே ஒதுங்கி நின்றிருக்கும். லேஸில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான், பின்னுவதைக் காட்டிலும். இந்தத் தேடலைக் கற்றுக்கொண்டவர் பிறகு யாரிடமும் அடிக்கடி போக வேண்டியதில்லை. ஆகவே 'சரி செய்து கொடுங்கள்' என்று கேட்பதற்குப் பதிலாக 'எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?' என்று கேளுங்கள்.

சில அன்பானவர்கள் உங்கள் திண்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு கால் மணி நேரம் அவர்களே பின்னிவிடுவார்கள். அழகாகத்தான் வரும், உங்களுக்குத்தான் ஒன்றும் வராது. முகம் கோணாமல் சொல்லிப் பாருங்கள்: 'ஒரு தடவை மெதுவாகச் செய்து காட்டி, அப்படியே பிரித்துவிடுங்கள். நான் போட்டுப் பார்க்கிறேன்.' யாரும் தப்பாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. மேஜையில் நான்கு பேர் இருந்தால் நான்கு முறை இருக்கும். ஒருவர் குறுக்கில் ஆரம்பிப்பார். ஐரோப்பியப் புத்தகத்தில் படித்த இன்னொருவர் முறுக்கில் ஆரம்பிப்பார். ஒருவர் பின்னல் பாதியில் ஊசி குத்துவார், மற்றவர் முடித்துவிட்டுக் குத்துவார். நால்வர் சொல்வதும் சரி. நால்வரையும் ஒரே நாளில் கேட்டால் உங்கள் பாடு திண்டாட்டம். முதல் சில மாதங்களுக்கு ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவர் வந்து 'அப்படி இல்லை, இப்படி' என்றால், 'இவரிடம் ஆரம்பித்திருக்கிறேன், இந்தத் துண்டு முடியட்டும்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். யார் மூத்தவர், யார் முறை சரி என்ற பழைய வழக்குகள் எந்தக் குழுவிலும் உண்டு, அதற்குள் போகாதீர்கள்.

அப்புறம், இரண்டு கூட்டத்துக்கு நடுவில் வீட்டில் வேலை செய்திருக்க வேண்டும். போன தடவை விட்ட இடத்திலேயே திண்டு வந்து நின்றால் சொல்லித்தந்தவருக்குச் சுரத்துக் குறையும். நான்கு சென்டிமீட்டர் பின்னி, அதில் மூன்று தப்பாக இருந்தாலும் கொண்டுபோங்கள். தப்பான மூன்று சென்டிமீட்டரில் பேச நிறைய இருக்கும்.

மாதிரிகளும் படமும்

புதியவர்கள் தெரியாமல் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. லேஸ் மாதிரிகளை வரைபவர்கள் சிறு அளவில் புத்தகமாகவோ தனித்தாளாகவோ விற்றுத்தான் கொஞ்சம் காசு பார்க்கிறார்கள். அதை நகலெடுத்து ஊருக்கெல்லாம் கொடுப்பதைக் குழுவில் ஒருவரும் ரசிக்க மாட்டார்கள். சொந்தப் புத்தகத்தின் மாதிரியை உங்கள் திண்டில் குத்தப் பிரதி எடுப்பது வேறு. அடுத்தவர் வேலையைப் படமெடுக்கும் முன்பும் கேளுங்கள், அது அவரே வரைந்த மாதிரியாக இருக்கலாம், போட்டிக்காக ஒளித்து வைத்திருப்பதாகவும் இருக்கலாம்.

நம்மவர் என்ற கணக்கு

பல ஹால்களில் நீங்கள் ஒருவர்தான் மாநிறமாக இருப்பீர்கள். முதல் சில வாரங்கள் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்களுக்குள்ளேயும் அவர்கள் அவ்வளவுதான் பேசுகிறார்கள், கை வேலையில் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறினாலும் கவலையில்லை, விரலைப் பார்த்தே கற்கிற வேலை இது.

பேச்சு ஆரம்பிக்க நம்மிடம் நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்குத் திண்டு லேஸ் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்துகொண்டு இடையன்குடிக்குப் போனார், அங்கேயும் இந்த வேலை வேர்விட்டது. இலங்கையில் காலி, வெலிகம பக்கம் 'பீரளு' என்ற பெயரில் பாபின் லேஸ் இன்றும் நடக்கிறது. இதைச் சொன்னால் மேஜையில் எல்லாக் கையும் ஒரு நிமிடம் நிற்கும். பாட்டி வீட்டில் பழைய லேஸ் துண்டு ஏதாவது கிடந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். அது என்ன வகை என்று ஆராய்வதில் அன்று உங்களுக்குக் கிடைக்கும் பாடம் தனி.

வரவேற்பு என்பது ஒருவழிப் பாதையும் இல்லை. நாற்காலி அடுக்குவது, கோப்பை கழுவுவது, டீ முறையில் பெயர் எழுதுவது: இவற்றில் முதல் மாதமே சேர்ந்துகொள்ளுங்கள். முறுக்கு கொண்டுபோனால் தீர்ந்துவிடும், ஆனால் இடைவேளைக்குத்தான். எண்ணெய்க் கையோடு யாரும் நூலைத் தொட மாட்டார்கள்.

உண்மையிலேயே ஒத்துவராத குழுவும் உண்டு. ஹாலில் இடமில்லை என்று காத்திருப்போர் பட்டியலில் போடுவது நியாயமான காரணம். நான்கைந்து கூட்டம் போன பிறகும் ஒருவரும் பெயர் கேட்கவில்லை, கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் சண்டை போடாமல் அடுத்த ஊர்க் குழுவைப் பாருங்கள். இரண்டு குழுவில் இருப்பவர்கள் ஏராளம்.

லேஸ் நாள், கேத்தர்ன் நாள்

சில மாதம் ஆனதும் 'லேஸ் நாள்' ஒன்றுக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். ஒரு குழு நடத்த, சுற்று வட்டாரத்துக் குழுக்கள் எல்லாம் ஒரே ஹாலில் கூடும். பாபின் கடைக்கும் நூல் கடைக்கும் மேஜை இருக்கும், ஒருவர் வந்து பேசுவார், பரிசுச் சீட்டு குலுக்குவார்கள். முதல் சொந்தப் பாபின்களை வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை: கையில் எடுத்து உருட்டிப் பார்க்கலாம், கூடவே வந்தவர் 'அது வேண்டாம், கழுத்து மெலிசு, ஒடியும்' என்று சொல்வார்.

நவம்பர் 25 புனித கேத்தரின் நாள், இந்த வட்டாரத்து லேஸ்காரர்களின் பழைய விடுமுறை. பெட்ஃபோர்ட்ஷர் பக்கம் சிலர் நவம்பர் 30, ஆண்ட்ரூ நாளைக் கொண்டாடுவார்கள். சோம்பு மாதிரி வாசம் வரும் கேரவே விதை போட்ட கேத்தர்ன் கேக் சுடுவது வழக்கம். எரியும் மெழுகுவர்த்தியைத் தாண்டிக் குதிப்பதும் ஒரு காலத்தில் உண்டு. அந்த வாரம் குழுவில் வேலை பாதி, தின்பது பாதி.

லேஸ் நாளுக்குக் கிளம்பும்போது: திண்டை மூடித் துணியின் நான்கு மூலையையும் முடிந்துகொள்ளுங்கள், பாபின்களைக் கொத்துக் கொத்தாக ரிப்பன் போட்டுக் கட்டி, அந்தக் கொத்துகளைத் திண்டோடு ஊசி குத்தி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வண்டி குலுங்கும்போது எல்லாம் கலந்துவிடும். ஊசிகளைத் தலைவரை அழுத்திவிடுங்கள். மதியச் சாப்பாடு, ஒரு மேஜை விளக்கு, சில்லறை வேண்டும். டீக்குச் சொந்த மக் கொண்டுவரச் சொல்லியிருப்பார்கள், அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.